மெசேஜ் போய்ச் சேர்ந்ததை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது?

கேள்வி சுருக்கமாக இது: ஆறு பேர் கொண்ட டீம், ஆர்டர் எடுத்துப் பொருள் அனுப்பும் ஒரு மென்பொருளை நடத்துகிறது. உள்ளே ஒரு புரோகிராமிலிருந்து இன்னொன்றுக்கு மெசேஜ் கொண்டுபோக ரேபிட்எம்கியூ என்ற மென்பொருள் மூன்று வருடமாக ஓடுகிறது. புதிதாக வந்த ஆர்க்கிடெக்ட் எல்லாவற்றையும் காஃப்கா என்ற இன்னொரு மென்பொருளுக்கு மாற்றச் சொல்கிறார். இன்னொருவர், போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் ஒரு டேபிள் போதும், இதெல்லாம் எதற்கு என்கிறார். இப்படி நடுவில் நின்று மெசேஜ் கடத்தும் மென்பொருள், அதாவது மெசேஜிங் மிடில்வேர், எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது, எதைக் கற்றுக்கொண்டால் ஐந்து வருடம் கழித்தும் உதவும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொன்ன அளவுக்கு இப்போது மாற வேண்டாம். ரேபிட்எம்கியூவிலேயே உங்களுக்கு வேலை பாக்கி இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் கேள்வியின் இரண்டாவது பாதி எனக்கு மிகவும் பிடித்தது. இந்தத் துறையில் புதுப் பெயர்கள் வந்துகொண்டே இருக்கும்; ஒவ்வொன்றையும் துரத்திப் படித்தால் மூச்சுத்தான் வாங்கும். எந்தப் புது மென்பொருளைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: ஒரு மெசேஜ் போய்ச் சேர்ந்ததா, அதற்குரிய வேலை முடிந்ததா என்பதை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்? அனுப்பியவரா, நடுவில் இருப்பவரா, வாங்கியவரா? கிட்டத்தட்ட நாற்பது வருடமாக இந்த ஞாபகம் கைமாறிக்கொண்டே இருக்கிறது. இன்றைய மாற்றங்களும் அதன் தொடர்ச்சிதான்.

1980-களின் நடுவில், மும்பையில் பிறந்து அமெரிக்கா போன விவேக் ரணதிவே, டெக்னெக்ரான் என்ற நிறுவனத்தில் ‘தி இன்ஃபர்மேஷன் பஸ்’ என்ற மென்பொருளைக் கொண்டுவந்தார். பெரிய பங்கு வர்த்தகக் கூடங்கள்தான் அதன் முதல் வாடிக்கையாளர்கள். விலையை வெளியிடுபவர் ஒரு தலைப்பின் பெயரில் வெளியிடுவார், அந்தத் தலைப்பு வேண்டியவர் சந்தா எடுத்துக்கொள்வார். ஒருவருடைய முகவரி மற்றவருக்குத் தெரிய வேண்டியதே இல்லை. 1994-ல் ராய்ட்டர்ஸ் அந்த நிறுவனத்தை வாங்கியது. 1997-ல் அதிலிருந்து டிப்கோ உருவானது. பங்கு விலை அடுத்த நொடியே பழையதாகிவிடும். தவறவிட்டால் அடுத்தது வரும். அதனால் அந்த உலகத்தில் யாரும் அதிகமாக ஞாபகம் வைத்துக்கொள்ளத் தேவையிருக்கவில்லை.

வங்கிகளுக்கு அது சரிப்படாது. அங்கே ஒவ்வொரு மெசேஜும் பணம். 1993-ல் ஐபிஎம் எம்கியூசீரிஸை வெளியிட்டது. இது பதிவுத் தபால் மாதிரி. தபால் நிலையம் கடிதத்தை வாங்கிப் பதிந்துகொள்ளும். பெறுபவர் ஊரில் இல்லாவிட்டால் வைத்திருக்கும். கையெழுத்து வாங்கிய பிறகுதான் அதன் பொறுப்பு முடியும். ஞாபகம் முழுவதும் நடுவில் இருப்பவரிடம். அந்த மென்பொருள் ஐபிஎம் எம்கியூ என்ற பெயரில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

1998-ல் ஜாவா உலகம் ஜேஎம்எஸ் என்ற பொது வரையறையைக் கொண்டுவந்தது. அது புரோகிராம் எழுதும் விதத்தை மட்டும்தான் ஒன்றாக்கியது. வயரில் என்ன பைட் போகிறது என்பது ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறாகவே இருந்தது. ஒரு நிறுவனத்தின் கிளையன்ட் இன்னொரு நிறுவனத்தின் சர்வரோடு பேசாது. இந்த வலி தாங்காமல் 2003-ல் ஜேபி மார்கன் சேஸ் வங்கியில் ஜான் ஓஹாரா ஏஎம்கியூபி என்ற திறந்த நெறிமுறையை (புரோட்டோகால்) தொடங்கினார். மென்பொருள் விற்கும் நிறுவனம் தொடங்கவில்லை, வாங்கிப் பயன்படுத்தும் வங்கி தொடங்கியது என்பதை நான் எப்போதும் மரியாதையோடு நினைத்துக்கொள்வேன். அதிலிருந்துதான் 2007-ல் உங்கள் ரேபிட்எம்கியூ பிறந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்காக எரிக்ஸன் உருவாக்கிய எர்லாங் மொழியில் எழுதப்பட்டது.

இதே காலத்தில் ஓரமாக இன்னொன்றும் நடந்தது. 1999-ல் ஐபிஎம்மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்காம் நிறுவனத்தின் ஆர்லன் நிப்பரும், எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க எம்க்யூடிடி என்ற நெறிமுறையை வடிவமைத்தார்கள். இணைப்பு மெதுவானது, விலை அதிகம், அடிக்கடி அறுந்துபோகும். அதனால் மெசேஜின் முன்னால் வரும் ஹெடர் பகுதி குறைந்தபட்சம் 2 பைட் மட்டுமே என்று சுருக்கினார்கள். இன்று சென்சார், கார், வீட்டுக் கருவி எல்லாவற்றிலும் அது ஓடுகிறது. உங்கள் கிடங்கில் சென்சார் வைக்கும் நாள் வந்தால் யோசிக்காமல் அதை எடுங்கள். அதைப் பற்றி இங்கே இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

அப்புறம் காஃப்கா. இதை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பலரும் இதை ‘வேகமான ரேபிட்எம்கியூ’ என்று நினைத்து வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள்.

லிங்க்ட்இன் நிறுவனத்தில் ஜே கிரெப்ஸ், நேஹா நர்கேடே, ஜுன் ராவ் மூவரும் உருவாக்கினார்கள். 2011-ல் ஓப்பன் சோர்ஸாக வெளிவந்தது. பயனர் எந்தப் பக்கத்தைப் பார்த்தார், எதைக் கிளிக் செய்தார் என்ற தகவல் வெள்ளம் அவர்களுடைய பிரச்சினை. அதே தகவல் தேடலுக்கும் வேண்டும், பெரிய அளவில் தகவலை அலசும் ஹடூப்புக்கும் வேண்டும், கண்காணிப்புக்கும் வேண்டும். ஒவ்வொரு மெசேஜுக்கும், ஒவ்வொரு வாசகருக்கும் ‘கொடுத்தாச்சா, முடிச்சாச்சா’ என்று நடுவில் இருப்பவர் குறித்துக்கொண்டிருந்தால் தாங்காது. அதனால் அந்த ஞாபகத்தை வாசகரிடமே கொடுத்துவிட்டார்கள்.

பழைய மண்டிக்கடைகளில் சிட்டை, பேரேடு என்று இரண்டு புத்தகம் இருக்கும். வியாபாரம் நடக்க நடக்க, வரிசைக்கிரமமாக எழுதிக்கொண்டே போவது சிட்டை. எழுதியதை அழிக்க மாட்டார்கள். அதிலிருந்து ஆள்வாரியாகக் கணக்கை எடுத்து எழுதுவது பேரேடு. பேரேடு தொலைந்தால் சிட்டையை முதல் பக்கத்திலிருந்து புரட்டித் திரும்ப எழுதிவிடலாம். சிட்டை தொலைந்தால் போச்சு. காஃப்காவின் டாபிக், அதாவது ஒரு தலைப்பில் வரும் மெசேஜ்களின் தொகுப்பு, ஒரு சிட்டை; உங்கள் டேட்டாபேஸ் டேபிள் ஒரு பேரேடு. புரோக்கர், அதாவது நடுவில் இருக்கும் சர்வர், செய்வது கடைசி வரியில் எழுதுவதும், கேட்ட இடத்திலிருந்து வாசித்துக் காட்டுவதும் மட்டும்தான். ‘நான் 4,182-ஆவது வரி வரை படித்துவிட்டேன்’ என்று ஞாபகம் வைப்பது வாசகர் வேலை. அந்த எண்ணைத்தான் ஆஃப்செட் என்கிறார்கள். அதைப் பதிந்து வைக்க காஃப்காவே இடம் தரும், ஆனால் எப்போது எந்த எண்ணைப் பதிவது என்ற முடிவு வாசகருடையது. நாளை புதிதாக ஒரு வாசகர் வந்தால், டாபிக்கில் வைத்திருக்கும் பழைய வரிகள் அனைத்தையும் முதலிலிருந்து படிக்கலாம். ரேபிட்எம்கியூவின் சாதாரண கியூவில் (காத்திருக்கும் மெசேஜ்களின் வரிசை) அது முடியாது. வேலை முடிந்தது என்று வாசகர் தரும் ஒப்புகை வந்தவுடன் மெசேஜ் போய்விடும்.

வேகம் இந்த எளிமையிலிருந்து வருகிறது. டிஸ்க்கில் தொடர்ச்சியாக எழுதுவதும் படிப்பதும் மலிவு. படிக்கும்போது ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்களை மெமரியில் வைத்திருக்கும் பேஜ் கேஷிலிருந்து நேராக நெட்வொர்க்குக்குப் போகலாம், நடுவில் புரோகிராமின் மெமரிக்குள் காப்பி எடுக்க வேண்டாம். 2019-ல் லிங்க்ட்இன் தன் காஃப்கா கிளஸ்டர்கள் (சேர்ந்து இயங்கும் சர்வர் கூட்டங்கள்) நாளொன்றுக்கு 7 லட்சம் கோடி மெசேஜ்களைக் கையாள்வதாக எழுதியது.

சரி, இதற்கு என்ன விலை கொடுக்கிறோம்? டாபிக் பார்ட்டிஷன்களாகப் பிரிந்திருக்கும். வரிசை உத்தரவாதம் ஒரு பார்ட்டிஷனுக்குள் மட்டும்தான். வாசிக்கும் புரோகிராமுக்குக் கன்ஸ்யூமர் என்று பெயர். வேலையைப் பங்குபோட்டுக்கொள்ளும் கன்ஸ்யூமர்களின் ஒரு குழுவில், ஒரு பார்ட்டிஷனை ஒரே ஒரு கன்ஸ்யூமர்தான் படிக்க முடியும். 12 பார்ட்டிஷன் இருந்தால் பதின்மூன்றாவது கன்ஸ்யூமர் சும்மா உட்கார்ந்திருக்கும். ஒரு மெசேஜ் மாட்டிக்கொண்டால் அதன் பின்னால் இருப்பவை எல்லாம் காத்திருக்கும். ஏனென்றால் வாசகரின் ஞாபகம் ஒரே ஒரு எண். ‘4,180 முடியவில்லை, ஆனால் 4,181 முடிந்தது’ என்று அந்த ஒற்றை எண்ணால் சொல்ல முடியாது.

இதை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று சொல்கிறேன். கடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்த காலம். தவணை நினைவூட்டும் எஸ்எம்எஸ் அனுப்பும் பகுதியை ரேபிட்எம்கியூவிலிருந்து காஃப்காவுக்கு நாங்கள் மாற்றினோம். காஃப்கா கன்ஸ்யூமர் ஒருமுறை கேட்டால் இயல்பாக 500 மெசேஜ் வரை வாங்கிக்கொள்ளும். அடுத்த முறை கேட்பதற்குள் 5 நிமிடத்துக்கு மேல் ஆனால், அந்தக் கன்ஸ்யூமர் செத்துவிட்டது என்று முடிவெடுத்து அதன் பார்ட்டிஷனை வேறொருவரிடம் கொடுத்துவிடுவார்கள். இரண்டுமே யாரும் தொடாத இயல்பு அமைப்புகள். சாதாரண நாளில் ஒரு எஸ்எம்எஸ் அனுப்ப 0.1 நொடி, 500-க்கு 50 நொடி. பிரச்சினையே இல்லை. ஒரு மாதத் தொடக்கத்தில் எஸ்எம்எஸ் கேட்வே மெதுவாகிவிட்டது. ஒன்றுக்கு 0.7 நொடி. 500-க்கு 350 நொடி. 5 நிமிடம் என்பது 300 நொடி.

என்ன ஆயிற்று என்றால், ஐந்தாவது நிமிடத்தில் கன்ஸ்யூமர் குழுவிலிருந்து வெளியே போனது. ஆனால் அது சாகவில்லை, மிச்சம் இருந்த எஸ்எம்எஸ்களை அனுப்பிக்கொண்டேதான் இருந்தது. 500-ஐயும் முடித்துவிட்டு ஆஃப்செட்டைப் பதியப் போனால் ‘நீ இப்போது இந்தக் குழுவில் இல்லை’ என்று மறுப்பு வந்தது. அதே நேரத்தில் பார்ட்டிஷனை வாங்கிக்கொண்ட அடுத்த கன்ஸ்யூமர், கடைசியாகப் பதிந்த எண்ணிலிருந்து அதே 500-ஐத் திரும்ப அனுப்பத் தொடங்கியிருந்தது. அதற்கும் 350 நொடி. அதுவும் வெளியே. அடுத்தது அதே 500. எங்கள் டாஷ்போர்டில் எல்லா சர்வரும் பச்சையாக இருந்தன, எஸ்எம்எஸ் போய்க்கொண்டிருந்தது, எர்ரர் எண்ணிக்கை சொற்பம். கால் சென்டரிலிருந்து போன் வந்தபோதுதான் தெரிந்தது. தவணையை ஒழுங்காகக் கட்டும் ஒரு பெண்ணுக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஒன்பது முறை ‘உங்கள் தவணை நெருங்குகிறது’ என்று போயிருக்கிறது. அவர் பயந்துபோய் போன் செய்திருந்தார். அந்தப் போன் அழைப்பின் பதிவை நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து கேட்டோம். எனக்கு இன்னும் அது மறக்கவில்லை.

அன்று இரவு 500-ஐ 50 ஆக்கி நிறுத்தினோம். சரியான தீர்வு அடுத்த வாரம்தான் வந்தது. ஒவ்வொரு நினைவூட்டலுக்கும் கடன் எண், தவணை மாதம், நினைவூட்டலின் வகை மூன்றும் சேர்ந்த ஒரு சாவி. அனுப்புவதற்கு முன் அதை யூனிக் கட்டுப்பாடு உள்ள (ஒரே சாவியை இரண்டாவது முறை ஏற்காத) ஒரு டேபிளில் செருக முயல வேண்டும். ஏற்கெனவே இருந்தால் அனுப்பக் கூடாது. செருகிய பிறகு, அனுப்புவதற்கு முன் சர்வர் விழுந்தால் அந்த ஒரு நினைவூட்டல் போகாது. அது பரவாயில்லை என்று நாங்கள் தெரிந்தே முடிவு செய்தோம். பணம் எடுக்கும் வேலையாக இருந்திருந்தால் ‘தொடங்கியது’, ‘முடிந்தது’ என்று இரண்டு நிலை வைத்து, நடுவில் நின்றுபோனதை மனிதர் ஒருவர் பார்க்கும்படி செய்திருப்போம்.

‘சரியாக ஒரே முறை’ என்ற வாக்குறுதியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2017-ல் காஃப்கா 0.11 பதிப்பில் இந்த வசதி வந்தது. பொய் இல்லை, ஆனால் அதன் எல்லை தெரிந்திருக்க வேண்டும். காஃப்காவிலிருந்து படித்து, கணக்குப் போட்டு, காஃப்காவிலேயே எழுதினால் அந்த வாக்குறுதி நிற்கும். எஸ்எம்எஸ், வங்கி, கூரியர் என்று வெளியே ஒரு கை நீண்டுவிட்டால் அது பொருந்தாது. வெளியே போனதை எந்தப் புரோக்கராலும் திரும்ப இழுக்க முடியாது. அங்கே ஞாபகம் உங்கள் டேட்டாபேஸில்தான் இருக்க வேண்டும்.

அனுப்பும் பக்கத்திலும் இதே ஓட்டை உண்டு, அங்கே பலர் கவனிப்பதில்லை. ஆர்டரை டேட்டாபேஸில் சேமிக்கிறீர்கள். அடுத்த வரியில் மெசேஜ் அனுப்புகிறீர்கள். அந்த இரண்டு வரிகளுக்கு நடுவில் சர்வர் விழுந்தால் ஆர்டர் இருக்கும், கிடங்குக்குச் செய்தி போகாது. வரிகளை மாற்றிப்போட்டால், இல்லாத ஆர்டருக்குப் பொருள் கிளம்பும். இதற்கு ‘அவுட்பாக்ஸ்’ என்ற முறை இருக்கிறது. சேர்ந்தே நடக்கும், இல்லாவிட்டால் எதுவுமே நடக்காது என்று டேட்டாபேஸ் பார்த்துக்கொள்ளும் தொகுப்புக்கு டிரான்ஸாக்ஷன் என்று பெயர். ஆர்டரைச் சேமிக்கும் அதே டிரான்ஸாக்‌ஷனில், அனுப்ப வேண்டிய மெசேஜையும் ஒரு டேபிளில் எழுதிவிட வேண்டும். வேறொரு புரோகிராம் அந்த டேபிளைப் பார்த்து அனுப்பும். டெபீஸியம் போன்ற கருவிகள் டேட்டாபேஸின் டிரான்ஸாக்‌ஷன் லாகையே நேரடியாகப் படித்து இதைச் செய்கின்றன. அதுவும் சில நேரம் ஒன்றை இரண்டு முறை அனுப்பும், அதனால் முன்னால் சொன்ன சாவி இதற்கும் வேண்டும்.

இப்போது உண்மையில் என்ன மாறிக்கொண்டிருக்கிறது என்று பார்ப்போம்.

முதலாவது, வாசகரிடம் போன ஞாபகம் திரும்பி நடுவுக்கு வருகிறது. 2025 மார்ச்சில் வந்த காஃப்கா 4.0-ல் ‘ஷேர் குரூப்’ என்ற வசதி முன்னோட்டமாகச் சேர்ந்தது. ஒரே பார்ட்டிஷனைப் பல கன்ஸ்யூமர்கள் பங்குபோட்டுப் படிக்கலாம். ஒவ்வொரு மெசேஜுக்கும் தனித்தனியாக ஒப்புகை கொடுக்கலாம். ஒரு மெசேஜை எடுத்தவருக்கு இயல்பாக 30 நொடி அவகாசம், முடிக்காவிட்டால் வேறொருவருக்குப் போகும். இதைத்தான் ரேபிட்எம்கியூ முதலிலிருந்தே தன் வழியில் செய்துவந்தது. அதற்கு எதிர்த்திசையில், 2021-ல் ரேபிட்எம்கியூ 3.9-ல் ‘ஸ்ட்ரீம்’ வந்தது: அழியாத சிட்டை, ஆஃப்செட் வைத்துத் திரும்பப் படிக்கும் வசதி. யாஹூவில் பிறந்து 2018-ல் அப்பாச்சியின் முதல்நிலைத் திட்டமான பல்சார், இரண்டும் ஒரே இடத்தில் வேண்டும் என்று ஆரம்பத்திலேயே வடிவமைக்கப்பட்டது. ஆக, கியூவா லாகா (அதாவது சிட்டையா) என்ற பழைய சண்டை தேய்ந்துகொண்டிருக்கிறது. உங்கள் ஆர்க்கிடெக்டிடம் பேசும்போது இந்தத் தகவல் உதவும். அவர் காஃப்காவில் தேடும் சில விஷயங்கள் உங்கள் சர்வரிலேயே இருக்கின்றன.

இரண்டாவது, சர்வர்கள் தங்களுக்குள் எப்படி ஒத்துக்கொள்கின்றன என்பது. காஃப்கா முதலில் ஜூகீப்பர் என்ற தனி கிளஸ்டரை நம்பியிருந்தது. இரண்டு கிளஸ்டரையும் பராமரித்தவர்களுக்கு அந்தச் சிரமம் தெரியும். 4.0-ல் ஜூகீப்பர் முழுவதுமாகப் போய்விட்டது. பெரும்பான்மைச் சர்வர்கள் ஒத்துக்கொண்டால் அதுவே முடிவு என்று நடக்கும் ராஃப்ட் என்ற முறையை அடிப்படையாகக் கொண்ட கே-ராஃப்ட் வந்துவிட்டது. ரேபிட்எம்கியூ 2019-ல் 3.8-ல் ராஃப்ட் முறையில் ஓடும் குவோரம் கியூவைத் தந்தது. 2024-ல் வந்த 4.0-ல், கியூவின் பிரதிகளைப் பல சர்வரில் வைக்கும் பழைய மிரர் கியூவை நீக்கிவிட்டது. நாட்ஸ் என்ற இன்னொரு மெசேஜிங் மென்பொருளின் ஜெட்ஸ்ட்ரீம், காஃப்காவுக்கு மாற்றாக வந்த ரெட்பாண்டா இரண்டுக்கும் உள்ளே இருப்பது ராஃப்ட்தான். அதனால் எதைக் கற்பது என்று கேட்டால் என் முதல் பதில் இது. ஸ்டான்ஃபோர்டில் டியேகோ ஒங்காரோவும் ஜான் அவுஸ்டர்ஹவுட்டும் ராஃப்டை வடிவமைத்தபோது, எளிதில் புரிய வேண்டும் என்பதையே ஒரு நோக்கமாக வைத்தார்கள். இரண்டு வாரக் கடைசியில் உட்கார்ந்தால் புரிந்துகொள்ளலாம். மூன்று சர்வரில் ஒன்று போனால் ஏன் ஓடுகிறது, இரண்டு போனால் ஏன் நிற்கிறது என்பது அதற்குப் பிறகு கை ரேகை மாதிரித் தெரியும்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் சுவாரஸ்யமானது. புரோக்கரின் டிஸ்க்கே காணாமல் போகிறது. இதற்குக் காரணம் கிளவுட் பில். அமேசான் கிளவுடில் ஒரு மண்டலத்திலிருந்து (தனியாக நிற்கும் டேட்டா சென்டர்) இன்னொரு மண்டலத்துக்கு டேட்டா போனால், ஜிபிக்கு அனுப்பும் பக்கம் 1 சென்ட், வாங்கும் பக்கம் 1 சென்ட். காஃப்காவை மூன்று மண்டலத்தில் மூன்று பிரதியோடு ஓட்டுகிறீர்கள் என்று வையுங்கள். எழுதும் ஒவ்வொரு ஜிபிக்கும் பிரதி எடுக்க இரண்டு தாண்டல். எழுதுவதை முதலில் வாங்கும் தலைமைப் பிரதி வேறு மண்டலத்தில் இருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு, ஆக எழுதுபவரிடமிருந்து சராசரியாக 0.67 தாண்டல். மொத்தம் 2.67 தாண்டல், ஜிபிக்குச் சுமார் 5.3 சென்ட். படிப்பதை இன்னும் சேர்க்கவில்லை. அதே ஒரு ஜிபியை அமேசானின் சேமிப்புச் சேவையான எஸ்3-யில் ஒரு மாதம் வைத்திருக்க, அமெரிக்கக் கிழக்குப் பகுதி விலைப்படி, சுமார் 2.3 சென்ட். மண்டலங்களுக்கு நடுவே பிரதி எடுப்பதை எஸ்3 தானே பார்த்துக்கொள்ளும், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

இந்தக் கணக்கைப் பார்த்தவுடன் அடுத்த அடி தெளிவு. மெசேஜை நேராக எஸ்3-யில் எழுதிவிட்டால் புரோக்கர் எதையும் ஞாபகம் வைக்க வேண்டாம். எந்தச் சர்வர் செத்தாலும் கவலை இல்லை. வார்ப்ஸ்ட்ரீம் என்ற மென்பொருள் இப்படித்தான் வந்தது. 2024 செப்டம்பரில், காஃப்காவை உருவாக்கியவர்கள் தொடங்கிய கன்ஃப்ளுயன்ட் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. காஃப்காவிலேயே டிஸ்க் இல்லாத டாபிக் வேண்டும் என்ற முன்மொழிவை 2025-ல் ஐவன் நிறுவனத்தினர் வைத்தார்கள். பழைய பகுதிகளை மட்டும் எஸ்3-க்கு நகர்த்தும் அடுக்குச் சேமிப்பு காஃப்கா 3.9-லேயே பயன்பாட்டுக்குத் தயாராகிவிட்டது. இதற்கான விலை தாமதம். எஸ்3-யில் ஒவ்வொரு முறை எழுதுவதற்கும் கட்டணம் உண்டு. அதனால் மெசேஜ்களைச் சேர்த்துவைத்து மூட்டையாக எழுத வேண்டும். எழுதுவது முடிந்தது என்ற பதில் வரப் பல நூறு மில்லிசெகண்ட் ஆகலாம். லாக் சேகரிப்புக்கும் பகுப்பாய்வுக்கும் அது ஒன்றுமே இல்லை. பணம் செலுத்தும் பக்கத்தில் வாடிக்கையாளர் காத்திருக்கும்போது அது அதிகம்.

நான்காவது, சிறியதன் மதிப்பு திரும்பவும் தெரிய ஆரம்பித்திருக்கிறது. உங்கள் டீமில் போஸ்ட்கிரஸ் போதும் என்றவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2016-ல் வந்த 9.5 பதிப்பிலிருந்து ‘ஸ்கிப் லாக்ட்’ வசதி உண்டு. பத்து வொர்க்கர்கள் ஒரே டேபிளிலிருந்து எடுத்தாலும், ஒருவர் பூட்டிய வரியை மற்றவர் காத்திருக்காமல் தாண்டி அடுத்ததை எடுப்பார். ஆர்டரும் மெசேஜும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் இருப்பதால், அவுட்பாக்ஸ் வைத்துத் தீர்க்க வேண்டிய அந்தப் பிரச்சினையே கிடையாது. நொடிக்குச் சில நூறு வேலை என்ற அளவில் இது நன்றாக ஓடும். ஒரு எச்சரிக்கை மட்டும்: வரிகளைச் சேர்ப்பதும் அழிப்பதும் அதிகமானால் செத்த வரிகள் குவியும், அவற்றைச் சுத்தம் செய்யும் வாக்கூம் வேலை தொடர்ந்து நடக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நீண்ட நேரம் திறந்து கிடக்கும் ஒரு ரிப்போர்ட் டிரான்ஸாக்‌ஷன் அந்த வேலையைத் தடுத்து, கியூவையே மந்தமாக்கிவிடும்.

நாட்ஸும் இந்த வகைதான். எழுதியவர் டெரெக் காலிசன், பல வருடம் டிப்கோவில் இருந்தவர். தலைப்பு வைத்து வெளியிடும் அந்தப் பழைய எண்ணம், கோ மொழியில் எழுதிய ஒரே ஒரு சிறு புரோகிராம் ஃபைலாகத் திரும்பி வந்திருக்கிறது.

ஐந்தாவது, மென்பொருளைவிட அதன் நெறிமுறை நீண்ட காலம் வாழ்கிறது. ரெட்பாண்டா சி++ மொழியில் முதலிலிருந்து எழுதப்பட்டது, ஆனால் காஃப்கா நெறிமுறை பேசுகிறது. அஸூர் ஈவென்ட் ஹப்ஸும் பேசுகிறது, வார்ப்ஸ்ட்ரீமும் பேசுகிறது. லிங்க்ட்இன் தானே 2025-ல், காஃப்காவின் இடத்துக்கு நார்த்கார்ட் என்ற புது அமைப்பைக் கட்டியிருப்பதாக அறிவித்தது. இன்னொரு பக்கம் உரிமையும் கைமாறுகிறது. ரேபிட்எம்கியூ விஎம்வேரோடு சேர்ந்து 2023-ல் பிராட்காமிடம் போனது. நாட்ஸின் உரிமம் பற்றி 2025-ல், அதன் பின்னால் இருக்கும் சினாடியா நிறுவனத்துக்கும், ஓப்பன் சோர்ஸ் திட்டங்களைப் பராமரிக்கும் சிஎன்சிஎஃப் அமைப்புக்கும் தகராறு வந்து, பிறகு சமாதானமானது. ஓப்பன் சோர்ஸ்தானே என்று நம்பி உட்காராமல், உரிமத்தில் என்ன எழுதியிருக்கிறது, பின்னால் எத்தனை நிறுவனங்கள் இருக்கின்றன என்று ஒருமுறை பாருங்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். காஃப்கா தேவையா என்று முடிவெடுக்க மூன்று விஷயம் கேட்டுப் பாருங்கள். பழைய மெசேஜ்களைத் திரும்பப் படிக்கும் தேவை போன வருடத்தில் எத்தனை முறை வந்தது? ஒரே மெசேஜை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத எத்தனை டீம்கள் படிக்கின்றன? ஒரு ஆர்டரின் நிகழ்வுகள் வரிசை மாறாமல் வந்தே தீர வேண்டுமா? நீங்கள் விவரித்ததை வைத்துப் பார்த்தால், மூன்றுக்கும் பதில் இன்னும் ‘அதிகமில்லை’ என்றே தெரிகிறது. மெசேஜ்களில் பெரும்பாலானவை ‘இந்த வேலையைச் செய்’ என்ற வகை. அதற்குக் கியூதான் பொருத்தம். பகுப்பாய்வு டீம் ஒன்று வந்து எல்லா நிகழ்வுகளும் வேண்டும் என்று கேட்கும்போது, முதலில் ரேபிட்எம்கியூ ஸ்ட்ரீமில் கொடுத்துப் பாருங்கள். அது போதாமல் போனால் காஃப்காவைப் பற்றி அப்போது பேசலாம்.

இப்போது பாக்கி வேலை. நீங்கள் 3.x பதிப்பில் மிரர் கியூ வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். 4.0-ல் அது இல்லை, எனவே குவோரம் கியூவுக்கு மாறுவதைத் தள்ளிப்போடாதீர்கள். மாறும்போது ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். 4.0-ல் குவோரம் கியூவுக்கு, ஒரு மெசேஜைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதற்கு இயல்பு வரம்பு 20. அதைத் தாண்டினால் முடிக்க முடியாத மெசேஜ்களை ஒதுக்கிவைக்கும் டெட் லெட்டர் அமைப்பு இருக்கும் கியூவில் மெசேஜ் அங்கே போகும். இல்லாத கியூவில் அது நீக்கப்பட்டுவிடும். டெட் லெட்டர் வைக்காமல் மாறினால் ஆர்டர் சத்தமில்லாமல் தொலையும். வைத்த பிறகு, தினமும் காலையில் அதைத் திறந்து பார்க்க ஒருவர் பெயரைக் குறித்து வையுங்கள்.

டாஷ்போர்டில் கியூ நீளத்தோடு, கியூவின் தலையில் நிற்கும் மெசேஜின் வயதையும் காட்டுங்கள். நீளம் 10 என்பது ஒன்றும் சொல்லாது. அந்தப் பத்தில் ஒன்று 40 நிமிடமாக நிற்கிறது என்றால் உடனே எழுந்து போய்ப் பார்ப்பீர்கள்.

கடைசியாக ஒரு பரிசோதனை. இந்த வாரமே டெஸ்ட் சூழலில் செய்யுங்கள், அரை நாள் போதும். ஆயிரம் ஆர்டர் மெசேஜ்களைக் கியூவில் போடுங்கள். கன்ஸ்யூமர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த ப்ராசஸைக் கொன்றுவிட்டுத் திரும்ப எழுப்புங்கள். பத்து முறை இப்படிச் செய்யுங்கள். பிறகு கிடங்குப் பக்கம் எத்தனை பேக்கிங் சீட்டு உருவாகியிருக்கிறது என்று எண்ணுங்கள். ஆயிரத்து ஏழு வந்தால், அந்த ஏழு எங்கே பிறந்தது என்று உங்கள் ஆர்க்கிடெக்டையும் பக்கத்தில் உட்காரவைத்துத் தேடுங்கள். ஒப்புகையை எந்த வரியில் கொடுக்கிறீர்கள் என்பதில் ஆரம்பியுங்கள்.